பத்தொம்பது சீடை

உக்காருங்க, உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு காலு ஆடும். போன மாசம் ஒருத்தர் சாஞ்சு விழப் பாத்தாரு. இப்படி ஃபேனுக்குக் கீழ வாங்க. மொத தடவையா? பாத்தாலே தெரியுது. மொத தடவ வர்றவங்க எல்லாம் பைய மடியில வச்சு ரெண்டு கையாலயும் கெட்டியாப் புடிச்சுக்குவாங்க. நானும் செப்டம்பர் மாசம் அப்படித்தான் உக்காந்திருந்தேன். இப்பப் பாருங்க, பைய எங்க வச்சேன்னு எனக்கே தெரியல. இதோ, காலடியிலதான் கெடக்கு.

மொதல்ல பெத்தவங்க மட்டும் வரணும், புள்ளைய அடுத்த வாரம்தான் கூட்டிட்டு வரணும்னு சொல்லியிருப்பாங்களே? ஆமா, எல்லாருக்கும் அதே சட்டம்தான். பொண்ணா பையனா? பொண்ணா. எனக்கும் பொண்ணுதான், சுபிக்ஷா, பத்தாவது படிக்கிறா. உள்ளதான் இருக்கா, பெனிட்டா மேடம் ரூம்ல. மணி என்ன ஆச்சு? பத்தே முக்காலா? அப்ப இன்னும் நேரம் இருக்கு, பதினொண்ணே காலுக்குத்தான் முடிப்பாங்க.

உங்க பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு நான் கேக்க மாட்டேன். இங்க ஒருத்தர ஒருத்தர் கேக்கக் கூடாதாம், எழுதியே ஒட்டியிருக்காங்க பாருங்க. நம்ம கதைய நாம சொல்லக் கூடாதுன்னு மட்டும் எங்கயும் எழுதல. அதனால நான் சொல்றேன், நீங்க கேளுங்க. உங்களுக்கும் உபயோகமா இருக்கும். நான் நாலு மாசமா வர்றேன், இந்த இடத்தோட நெளிவு சுளிவு எல்லாம் அத்துப்படி.

எனக்கு ஒண்ணும் கிடையாது, அத மொதல்லயே சொல்லிடறேன். நான் நல்லாத்தான் இருக்கேன். பொண்ணுக்காகத்தான் வர்றேன்.

ஜூன் மாசம் பள்ளிக்கூட வேன் ஒண்ணு டிப்பர் லாரியில அடிபட்டுச்சே, டிவியில எல்லாம் காட்டுனாங்களே, அதுல இருந்தவ. சீட்டுக்கு அடியில மாட்டிக்கிட்டா. அரை மணி நேரம் கழிச்சுத்தான் கம்பிய அறுத்து எடுத்தாங்க. எடுத்துப் பாத்தா ஒரு கீறல் கிடையாதுங்க. டாக்டரே அதிர்ஷ்டக்காரப் பொண்ணும்மான்னு சொன்னாரு. பக்கத்து சீட்டுல ரிஸ்வானான்னு ஒரு பொண்ணு, எங்க எதிர்வீடு. அது போயிருச்சு. ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து ரெண்டும் ஒரே பெஞ்சு. சரி, அத விடுங்க.

சுபிக்கு என்னன்னா, டப்பாவுல கட்டிக் குடுத்தா சாப்பிட மாட்டேங்கறா. வீட்டுல தட்டுல போட்டா ஏதோ கொறிப்பா. டிபன் டப்பாவுல போட்டு, கிளிப்ப 'டக்'குனு மாட்டினேன்னு வைங்க, முகம் சுண்ணாம்பா வெளுத்துப் போயிடும். பள்ளிக்கூடத்துல மத்தியானம் முழுப் பட்டினி. ரெண்டு தடவ பிரேயர்ல மயங்கி விழுந்துட்டா. நான் என்ன நெனச்சேன்? வயசுப் பொண்ணு, நாக்கு கடைச் சாப்பாடு கேக்குது, அம்மா சமையல் கசக்குதுன்னு நெனச்சேன். நீங்களே சொல்லுங்க, லாரி இடிச்சதுக்கும் டிபன் டப்பாவுக்கும் என்ன சம்பந்தம்? கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய்க் கயிறு கட்டினேன், தர்காவுல மந்திரிச்சேன், எலந்தப் பழம் மாதிரி ஒரு லேகியம் வாங்கிக் குடுத்தேன். எதுக்கும் மசியல. கடைசியில ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு இந்தக் கவுன்சிலிங் சென்டர எழுதிக் குடுத்தாங்க.

நம்பித்தான் வந்தேன். பெரிய படிப்பு படிச்ச மேடம், வயசானவங்களா, கண்ணாடி போட்டுட்டு, நாலு புத்தி சொல்லுவாங்கன்னு நெனச்சேன். வந்து பாத்தா சின்னப் பொண்ணு. இருபத்தெட்டு இருந்தா அதிகம். நான் ஒரு நோட்டுல எல்லாத்தையும் எழுதிட்டு வந்திருந்தேன், சுபி எப்ப தவழ்ந்தா, எப்ப நடந்தா, எந்த வயசுல அம்மை போட்டுச்சுன்னு. அத்தனையும் படிச்சுக் காட்டினேன். அதுக்கு 'ம்'முன்னு கேட்டுக்கிட்டாங்க. வாயில கொழுக்கட்டையான்னு கேக்கத் தோணுச்சு எனக்கு. கடைசியில வாயத் தொறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. என்ன கேள்வி தெரியுமா? "அந்த நாள் உங்களுக்கு எப்படிம்மா இருந்துச்சு?"

எனக்கா? எனக்கு எப்படி இருந்தா என்ன? நானா வேன்ல போனேன்? வீட்டுல இருந்தேன், பாத்திரம் தேச்சுக்கிட்டு இருந்தேன்னு சொன்னேன். அதப் போய் எழுதிக்கிறாங்க. பொண்ணு நோட்டுல என் பாத்திரத்த எதுக்கு எழுதணும்?

அடுத்து ஒரு குண்டு போட்டாங்க பாருங்க. சுபி இங்க பேசறது எதையும் என்கிட்ட சொல்ல மாட்டாங்களாம். அவ உசுருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் சொல்லுவாங்களாம். பெத்தவகிட்ட மறைக்கிற ரகசியம் பதினஞ்சு வயசுப் பொண்ணுக்கு என்ன இருக்கும்? தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. வயிறு வேறன்னு எனக்கும் தெரியும், வாயும் வேறன்னு இங்க வந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். உங்களுக்கும் இதத்தான் சொல்லுவாங்க, இப்பவே மனசத் தேத்திக்குங்க.

மொத மூணு வாரம் என்ன பண்ணாங்கன்னு நெனைக்கிறீங்க? விளையாடுனாங்க. சீட்டு வச்சு, கலர் கலரா. ஜன்னல் வழியாப் பாத்தேன். திருவெறும்பூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்து விளையாட்டு! அப்புறம் மூச்சு விடக் கத்துக் குடுத்தாங்க. மூக்கால இழுத்து மெதுவா வாயால விடணுமாம். நான் பொறந்ததுலேர்ந்து விட்டுட்டுத்தான் இருக்கேன், எனக்கு யாரும் சர்டிபிகேட் குடுக்கல. அப்புறம் இன்னொண்ணு. பயம் வந்துச்சுன்னா அஞ்சு பொருளப் பாக்கணுமாம், நாலு பொருளத் தொடணுமாம், மூணு சத்தம் கேக்கணுமாம். பஸ்ல இவ முன்சீட்டுக் கம்பியத் தொட்டு, என் முந்தானையத் தொட்டு, பக்கத்துப் பாட்டி கூடையத் தொட்டு... அந்தம்மா கூடைய இழுத்து மடியில வச்சுக்கிச்சு. எனக்கு மானமே போச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும். அது வேலை செய்யுதோ என்னமோ. நான் சும்மா சோதிச்சுப் பாத்தேன். காலையில ஏழே முக்காலுக்கு எங்க தெருவுல பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கும் இல்ல, இப்ப வேற வேன், வேற டிரைவர், அந்த நேரத்துல அடுப்படியில நின்னு குக்கரு, அம்மி, கரண்டி, உப்பு ஜாடி, காலண்டருன்னு எண்ணுவேன். ஹாரன் போயிடும். தினமும் சும்மாதான் எண்ணுறேன், பொழுதுபோக்கு மாதிரி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். என் ஆத்திரம் என்னன்னா, டப்பா. உங்க வீட்டுல எப்படியோ, எங்க பக்கத்துல ஒரு பாத்திரம் ஒரு வீட்டுலேர்ந்து வந்தா அத வெறுமனே திருப்பிக் குடுக்க மாட்டோம். ஒண்ணும் இல்லைன்னா ரெண்டு வெத்தலையாவது, ஒரு கைப்பிடி சக்கரையாவது போட்டுத்தான் குடுப்போம். எதிர்வீட்டு மெஹருன்னிசா, ரிஸ்வானாவோட அம்மா, ரம்ஜானுக்கு ஒரு தூக்கு நிறைய பிரியாணி குடுத்தனுப்புனா நான் அந்தத் தூக்குல அதிரசம் போட்டு அனுப்புவேன். அவ அதுல சேமியா போட்டு அனுப்புவா. ஒரே தூக்கு, பத்து வருஷமா தெருவக் குறுக்க கடந்துக்கிட்டே இருந்துச்சு.

இப்ப அந்தத் தூக்கு எங்க வீட்டுலதான் இருக்கு. மே மாசம் பக்ரீத் எதுவும் இல்ல, சும்மாவே தக்காளி சோறு குடுத்தனுப்புனா. நான் திருப்பிக் குடுக்கறதுக்குள்ள ஜூன் வந்துருச்சு. அலமாரியில கவுத்து வச்சிருக்கேன். வெறும் தூக்கக் கொண்டு போய்க் குடுக்க முடியுமா? என்னத்தப் போட்டுக் குடுக்கறது? சாவு வீட்டுக்கு அதிரசமா குடுப்பாங்க? குடுக்கணும், குடுக்கணும்னு நெனைக்கிறேன், ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் வேலை வந்துடுது. அவ கோலம்... கோலம் இல்ல, அவங்க வாசல் கூட்டித் தண்ணி தெளிப்பா இல்ல, அந்த நேரத்துல நான் கொல்லைப்பக்கம் போயிடறது. எனக்கு அங்க துணி காயப்போடற வேலை இருக்கும்.

எங்க விட்டேன்? ஆங், மேடம். நமக்காக ஒரு பொண்ணு மெனக்கெடுதேன்னு நாலாவது வாரம் முள்ளு முறுக்கு சுட்டு எடுத்துட்டு வந்தேன். எவர்சில்வர் டப்பா, கிளிப்பு வச்சது. ஒரே மாதிரி மூணு வாங்கினேன் ஒரு காலத்துல. ரெண்டு வேனோட போச்சு. மூணாவது சும்மா கெடக்குதேன்னு அதுலதான் போட்டேன். ரூம் வாசல்ல சுபி கையில குடுத்து, மேடத்துக்கிட்ட குடுடின்னேன். செத்த எலிய வாலப் புடிச்சுத் தூக்குற மாதிரி ரெண்டு விரலால வாங்குறா. உள்ள போய் அஞ்சு நிமிஷத்துல வாந்தி. பஸ்ல வந்தது ஒத்துக்கல போலருக்கு.

மேடம் வெளிய வந்து டப்பாவ என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டாங்க. "மன்னிச்சுக்குங்கம்மா, வர்றவங்ககிட்ட நாங்க எதுவும் வாங்கிக்கக் கூடாது." முறுக்கு முழுசா அப்படியே இருக்கு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? வெறும் டப்பாவத் திருப்பிக் குடுத்தாலே நமக்கு சங்கடம். இங்க நெறஞ்ச டப்பாவே திரும்பி வருது. இத எந்தக் கணக்குல சேக்கறது? எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அழுதேன். அவரு, "ஏன்டி, டாக்டருக்கு எதுக்குடி முறுக்கு?"ன்னாரு. அவரு அப்படித்தான், லேத்துப் பட்டறையில இரும்பு கடைஞ்சு கடைஞ்சு மனசும் இரும்பாயிடுச்சு.

நான் விடுவேனா? கரைப்பார் கரைச்சா கல்லும் கரையும். அடுத்த வாரம் அதிரசம். அதுக்கடுத்த வாரம் ரவா லட்டு. ஆறாவது வாரம் பாருங்க, மேடம் என்னத் தனியாக் கூப்பிட்டாங்க. "அம்மா, நீங்க டப்பா கொண்டு வர்றத நிறுத்த வேணாம். நான் சாப்பிட மாட்டேன். ஆனா சுபிக்ஷா ஒத்துக்கிட்டா அது இந்த ரூம்ல இருக்கட்டும்"னாங்க. கூடவே ஏதோ விளக்கமும் சொன்னாங்க. படிப்படியா, கொஞ்சம் கொஞ்சமா, அவ வேகத்துலன்னு என்னமோ பத்து நிமிஷம் சொன்னாங்க. நான் எங்க கேட்டேன்? அடுத்த வாரம் என்ன செய்யலாம்னு யோசிச்சுட்டு இருந்தேன். பாத்தீங்களா, கரையுது கல்லுன்னு எனக்கு ஒரே சந்தோஷம்.

மொத வாரம் டப்பாவ ஜன்னலுக்கு வெளிய, அந்தத் தொட்டிச் செடி பக்கத்துல வச்சாங்க. அடுத்த வாரம் ரூம்ல, கதவோரம். அதுக்கடுத்த வாரம் புத்தக அலமாரி மேல. அப்புறம் மேஜையோட அந்தக் கோடி. அப்புறம் இந்தக் கோடி. நான் இந்த நாற்காலியில உக்காந்தே கவனிச்சேன், கதவு தொறந்து மூடற நேரத்துல. டப்பா வாரத்துக்கு ஒரு அடி மேடத்துக்கிட்ட நகருது! ஆசை இருக்கு, கேக்கக் கூச்சம். சின்னப் பொண்ணுதானே, ஹாஸ்டல் சோறு தின்னு நாக்கு செத்துப் போயிருக்கும் பாவம்.

மார்கழியில உப்புச் சீடை செஞ்சேன். சீடை வெடிக்காம பொரிக்கறது எல்லாராலயும் முடியாதுங்க, தெரியுமா? மாவுல ஒரு பொட்டு ஈரம் கூடுனா எண்ணெய்ச் சட்டியில வெடிச்சுக் கூரையில ஒட்டிக்கும். எண்ணி இருபது சீடை போட்டேன். எதுக்கு எண்ணுனேன்னா, எண்ணத் தோணுச்சு, எண்ணுனேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தொறந்து பாக்கறேன், பத்தொம்பது இருக்கு.

சிரிக்காதீங்க. மூணு தடவ எண்ணுனேன். பத்தொம்பதுதான். அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷம்! மகராசி, சட்டம் பேசிட்டுக் கள்ளத்தனமா ஒண்ணு எடுத்து வாயில போட்டிருக்கா! தின்னுட்டுப் போகட்டும், நமக்குன்னு உழைக்கிற கை. அடுத்த வாரம் மறுபடியும் இருபது. பதினாறு வந்துச்சு. அதுக்கடுத்த வாரம் பதினொண்ணு. நான் யாருகிட்டயும் மூச்சு விடல. மேடத்தப் பாக்கறப்ப மட்டும் ஒரு சிரிப்பு சிரிப்பேன், எனக்குத் தெரியும்ங்கற மாதிரி. அவங்களும் சிரிப்பாங்க. சுபியும் சிரிச்சா ஒரு நாள், பஸ்ல வர்றப்ப, எதுக்குன்னு தெரியல. ஏழு மாசத்துல அன்னைக்குத்தான் அவ பல்லப் பாத்தேன். என்னடின்னேன். ஒண்ணும் இல்லம்மான்னா.

போன சனிக்கிழமை வந்துச்சு பாருங்க கிளைமாக்ஸ். மேடமே வெளிய வந்தாங்க. "அம்மா, நானும் சுபிக்ஷாவும் பேசி முடிவு பண்ணியிருக்கோம். அடுத்த வாரம் எலுமிச்ச சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செஞ்சு கொண்டு வர முடியுமா? உங்களால முடியும்னா மட்டும். கஷ்டமா இருந்தா சொல்லிடுங்க, பரவால்ல"ன்னாங்க. பேரு சொல்லிக் கேக்கறாங்க! எலுமிச்ச சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்! முறுக்கத் திருப்பிக் குடுத்த அதே மேடம்! எனக்கு என்ன கஷ்டம், எலுமிச்ச சாதத்துல என்ன கஷ்டம் இருக்குன்னு சொன்னேன்.

ஆமா, வேன் அடிபட்ட அன்னைக்குக் கட்டிக் குடுத்ததும் எலுமிச்ச சாதம்தான். அதனால என்ன? எங்க வீட்டுல வாரம் ஒரு தடவ எலுமிச்ச சாதம் உண்டு. உண்டுன்னா, இருந்துச்சு. இந்த ஏழு மாசமா செய்யல. மார்க்கெட்டுல நல்ல எலுமிச்சம்பழமே வர்றதில்லைங்க. நீங்க கவனிச்சீங்களா? எல்லாம் தோல் தடிச்சு, சாறே இல்லாம. நான் அந்தக் கடைப் பக்கமே போறதில்ல. எங்க வீட்டுக்காரர் ஒரு தடவ வாங்கிட்டு வந்தாரு, அழுகலாத் தெரிஞ்சுச்சு, குப்பையில போட்டேன். நல்லாத்தானேடி இருக்குன்னாரு. அவருக்கு எலுமிச்சம்பழத்தப் பத்தி என்ன தெரியும்?

நேத்து அஞ்சு பழம் வாங்கி வச்சு, இன்னைக்குக் காலையில அஞ்சரைக்கு அடுப்பு பத்த வச்சேன். கடுகு கருகிடுச்சு. கொட்டிட்டு மறுபடியும் தாளிச்சேன், கடலப்பருப்பு கருகிடுச்சு. இருபத்தோரு வருஷமா சமைக்கிறேன், எனக்குப் பருப்பு கருகுது! குக்கரு, அம்மி, கரண்டின்னு எண்ணிப் பாத்தேன். மூணாவது தடவதான் ஒழுங்கா வந்துச்சு. சுபி அடுப்படி வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தா. நான் கிளிப்ப மாட்டறப்ப மூக்கால மூச்ச இழுத்து வாயால விட்டா. பஸ்ல டப்பா அவ மடியில இருந்துச்சு. நான் வாங்கி வச்சுக்கறேன்டின்னேன், வேணாம்னுட்டா.

மணி என்ன? பதினொண்ணா? அதுக்குள்ளயா?

இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னைக்குக் கடைசிப் பத்து நிமிஷம் என்னையும் உள்ள வரச் சொல்லியிருக்காங்க. சுபி என்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். மேடத்த வச்சுக்கிட்டு சொல்லணுமாம். உங்களுக்கு சம்மதமாம்மான்னு கேட்டாங்க. நான் சரின்னு தலையாட்டிட்டேன். ஒரு வாரமா வயித்துல ஒண்ணும் இறங்கல. அல்சரா இருக்கும்.

நீங்களும் அந்த மேடம் மாதிரியே 'ம்' போடறீங்க. நல்லாருக்கு. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, இனிமே நாம பாப்பமோ பாக்க மாட்டோமோ.

அவ என்ன சொல்லப் போறான்னு எனக்குத் தெரியும்ங்க. அன்னைக்கு வேன் வந்து நின்னுச்சு, சுபி ஏறிட்டா. வேன் கிளம்பப் போகுது. ரிஸ்வானா ஜன்னல்ல தலைய நீட்டி, "ஆன்ட்டி, இன்னைக்கு எலுமிச்ச சாதமா? வாசம் வருது, எனக்கு?"ன்னு கேட்டா. அந்தப் பொண்ணுக்கு என் எலுமிச்ச சாதம்னா உசுரு. "டிரைவர் தம்பி, ஒரு நிமிஷம் நில்லுங்க"ன்னு சொல்லிட்டு உள்ள ஓடுனேன். இன்னொரு டப்பா எடுத்து, சாதம் போட்டு, வறுவல் போட்டு, கிளிப்பு மாட்டி... ஒரு நிமிஷம் இல்ல, ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சு. டிரைவர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தாரு. ஜன்னல் வழியாக் குடுத்தேன். "தேங்க்ஸ் ஆன்ட்டி"ன்னா. லேட்டாயிடுச்சுன்னு வேகமா எடுத்துட்டுப் போனாரு. நான் பாத்திரம் தேய்க்க உக்காந்தேன்.

ரெண்டு நிமிஷம் முன்னாடி போயிருந்தா அந்த லாரி அங்க இருந்திருக்காது. இந்த ரெண்டு நிமிஷத்தப் பத்தி யாரும் என்னக் கேக்கல. போலீஸ் கேக்கல. டிவிக்காரங்க மைக்க நீட்டுனாங்க, அவங்களும் கேக்கல. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. மெஹருக்குத் தெரியாது. சுபிக்கு மட்டும்தான் தெரியும், அவ வேன்ல உக்காந்து பாத்துட்டு இருந்தா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்ப அவ தலையெல்லாம் மஞ்சச் சோறு. முடிக்குள்ள, காதுக்குள்ள. நான்தான் குளிப்பாட்டி ஒவ்வொண்ணா எடுத்தேன். அன்னைலேர்ந்து அவ என் முகத்த நேராப் பாக்கல. நாலு மாசமா உள்ள உக்காந்து என்ன பேசறா? இதத்தான் பேசுவா. வேற என்ன இருக்கு பேச? இன்னைக்கு என்னக் கூப்பிட்டு வச்சு, நீதாம்மா காரணம்னு சொல்லப் போறா. சொல்லட்டும். சொல்லிட்டா அவளுக்கு சரியாயிடும்னா, சொல்லிட்டுப் போகட்டும். எனக்கு என் பொண்ணு சாப்பிடணும், அவ்வளவுதான்.

தண்ணி இருக்கா உங்ககிட்ட? குடுங்க. கண்ணுல ஏதோ விழுந்துருச்சு. இந்த ஃபேன் ஒரே தூசி.

பதினொண்ணு அஞ்சு ஆயிடுச்சு. கதவு தொறக்குது. இருங்க.

என்ன சுபி? வரவா? இரு, பைய எடுத்துக்கறேன். டப்பாவ எதுக்குடி வெளிய கொண்டு வர்ற, உள்ளயே இருக்கட்டும். என்ன? தொறந்து பாக்கணுமா?

ஏங்க, இங்க பாருங்க. பாதி இல்ல. பாதி டப்பா காலி! மேடம், நீங்க சாப்பிட்டீங்களா? இல்லையா? ஒரு வாய் கூடவா தொடல? அப்ப யாரு?

உன் உதட்டுல என்னடி மஞ்சளா?

ஐயோ, அப்ப அந்தச் சீடை... இருபதுல ஒண்ணு... அது நீயாடி?

கேட்டீங்களா இவ சொல்றத? "முழுசாத் தின்னுருப்பேம்மா. வெறும் டப்பாவா குடுக்கக் கூடாதுன்னு நீதான சொல்லுவ, அதான் பாதி உனக்கு வச்சேன்"ங்கறா. என் முகத்தப் பாத்து சொல்றா. இவ கண்ணு இவ்வளவு பெருசா இருந்துச்சா? என்னடி? தூக்கா? எந்தத் தூக்கு? ஆமா, மெஹர் ஆன்ட்டி தூக்கு நம்ம வீட்டுலதான் இருக்கு. எடுத்துட்டுப் போகணுமா? ரெண்டு பேருமாவா? சரி, அத உள்ள போய்ப் பேசலாம். நீ என்ன சொல்லணுமோ எல்லாத்தையும் சொல்லு, நான் கேக்கறேன். என்னது? "நீ உள்ள ஓடுனப்ப நான் கை காட்டித்தான் டிரைவர் அண்ணன நிறுத்துனேன்"னா? நீயா நிறுத்துன? அடிப் பாவி மகளே, இத்தன நாளும் நீ உன்னையா காரணம்னு... இரு, இரு, அழாத, இதோ வர்றேன்.

ஏங்க, கொஞ்சம் இந்தப் பையப் பாத்துக்குங்க, உள்ள போயிட்டு வந்துடறேன். ஒரு வாய் தின்னுட்டுப் போறேன், புள்ள ஆசையா குடுக்குது.

இல்லைங்க, அழல. புளிப்பு, அதான் கண்ணுல தண்ணி வருது. நல்ல பழமாத்தான் இருக்கு. மார்க்கெட்டுல மறுபடியும் நல்ல எலுமிச்சம்பழம் வர ஆரம்பிச்சிருச்சு போலருக்கு.